சீல் மேல பழி

கைப்பிரேக் பிடிக்கவில்லை என்பதுதான் நண்பரின் புகார். ஆனைகட்டிச் சாலை ஏற்றத்தில் நிறுத்தினால் ஜீப் மெல்லப் பின்னால் உருள்கிறது; சக்கரத்துக்குக் கல் வைக்க ஒரு ஆள் கூடவே வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நான்தான் என்பதால், உக்கடம் பக்கத்துப் பட்டறைக்கும் கூடப் போனேன்.

வண்டி 1943-ஆம் வருட வில்லிஸ் எம்பி. 1941 முதல் 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய ராணுவ ஜீப்புகளில் ஒன்று. சேசிஸ் வில்லிஸ்தான்; ஆனால் முன் ஆக்சிலில் பாதிப் போல்ட்டுகளின் தலையில் 'எஃப்' எழுத்து. ஃபோர்டு தன் உருப்படிகளில் பதித்த முத்திரை அது. எங்கே, யார் கையில் கலந்ததோ.

மேஸ்திரி கைப்பிரேக் லீவரைத் தொடவே இல்லை. அடியில் படுத்து எதையோ தடவிவிட்டு, கறுத்த விரலை என் மூக்கருகே நீட்டினார். கந்தக வாடை.

"நைன்ட்டி ஆயிலுங்க சார். இந்த நாத்தம் கியர் ஆயிலுக்குத்தான் வரும்."

இந்த ஜீப்பின் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாயில், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில் ஒரு டிரம். அதைச் சுற்றி இறுக்கும் பட்டைதான் பிரேக். டிரம்முக்கு முன்னால் உள்ள ஆயில் சீல் கசிந்தால் பட்டை எண்ணெய்க் குளியல் போடும். பிறகு எங்கே பிடிக்க?

ஷாஃப்டை இறக்கி, நட்டைக் கழற்றி, டிரம்மோடு ஃபிளாஞ்சை உருவினார்கள். பழைய சீலின் உதடு ஸ்க்ரூ டிரைவர் பட்டதும் அப்பளம் போல் ஒடிந்தது. நண்பர் புதுச் சீலோடு தயாராக நின்றார். மஹிந்திரா இங்கே வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்ற புண்ணியத்தில், இதற்கெல்லாம் இன்னும் கடையில் சாமான் கிடைக்கிறது.

"மாட்டிடலாமா?" என்றார் நண்பர்.

மேஸ்திரி பதில் சொல்லாமல் ஃபிளாஞ்சை என்னிடம் தந்தார். "நகத்த ஓட்டிப் பாருங்க."

வழவழப்பான கழுத்தில் ஓரிடத்தில் நகம் மாட்டியது. சுற்றிலும் மோதிரத் தழும்பு மாதிரி ஒரு பள்ளம். மெத்தென்ற ரப்பர் இரும்பை அறுக்குமா? அறுப்பது ரப்பர் அல்லவாம், அதன் உதட்டில் ஒட்டிக்கொள்ளும் புழுதி. அது எமரி பேப்பராகிவிடுகிறது. "இதுல அப்படியே புதுசு போட்டா மூணு மாசம் தாங்காதுங்க. சீல் மேல பழி போட்டுட்டு மறுபடி வந்து நிப்பீங்க."

பைப் துண்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டிச் சீலை இறக்கியவர், அடிவரை போகாமல் நிறுத்தினார். "அரை நூல் வெளிய நிக்குதுங்க. உதடு இப்ப தேயாத இடத்துல உக்காரும்." ஸ்ப்ரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்த்திருக்கிறதா என்று முன்பே இரண்டு தடவை திருப்பிப் பார்த்திருந்தார். டிரான்ஸ்ஃபர் கேஸின் மூச்சுத் துளையையும் கம்பியால் குத்தினார், களிமண் உதிர்ந்தது. அது அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் இளைத்த உதட்டைத் தேடிப் போய்விடும். பட்டைக்குப் புது லைனிங் அடித்தது அரை மணி வேலை.

முன்பக்கம் பட்டறைப் பையன் திருப்பூர் பனியன் வேஸ்டால் ஸ்டியரிங் நக்கிளின் உருண்டையைத் துடைத்து, துருப் புள்ளிகளை எமரியால் தேய்த்துக்கொண்டிருந்தான். சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த உருண்டையை வழித்துவிட்டுப் புழுதியை வெளியே நிறுத்துவது ஒரு ஃபெல்ட் பட்டை. கம்பளி. அவ்வளவு இரும்புக்கு நடுவே ஆட்டு மயிருக்கும் ஒரு வேலை இருந்தது எனக்கு ஏனோ பிடித்துப்போனது. முந்தின நாள் இரவே எண்ணெயில் ஊறப்போட்டிருந்தார்கள்; பிழிந்து வைத்து, தகட்டை மூடிப் போல்ட் போட்டான்.

ராத்திரி அடியில் செய்தித்தாள் விரித்துவிட்டுப் போனோம். காலையில் பின்பக்கம் சுத்தம். முன்னால் தள்ளி இரண்டு சொட்டு. நண்பரின் முகம் விழுந்துவிட்டது.

மேஸ்திரி தொட்டு முகர்ந்துவிட்டு, விரலை மறுபடி என்னிடம் நீட்டினார். கந்தக வாடை இல்லை.

"இது இன்ஜினுங்க. கிராங்குக்குப் பின்னாடி இந்த வண்டில ரப்பர் இல்ல, கயிறு. முழுசா மாத்தோணும்னா கிராங்கையே இறக்கோணும்."

நண்பர் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்தார். பிறகு பட்டறை வாசல் சரிவில் அதை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். நான் பழக்கத்தில் கல்லைத் தேடினேன். வண்டி நகரவில்லை.

"அதை அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

பையன் பழைய பிஸ்கட் டின் மூடி ஒன்றைக் கொண்டுவந்து, வண்டிக்குள் பின்பக்கம் போட்டான். "வீட்ல நிறுத்தறப்ப அடியில வெச்சுக்கோங்கண்ணா."