கலுபோய்

ரஷ்ய மொழியில் நீலத்துக்கு இரண்டு சொல். அடர்நீலம் சீனிய், வெளிர்நீலம் கலுபோய். கசானுக்கு மருத்துவம் படிக்கப் போன 2017இல், மொழி வகுப்பில் ‘என் ஸ்வெட்டர் கலுபோய்’ என்பதற்குப் பதில் ‘நான் கலுபோய்’ என்றுவிட்டேன். ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். “டேய், அதுக்கு ஆம்பளையோட போற ஆம்பளைன்னு அர்த்தம்டா,” என்று விடுதியில் சீனியர் அண்ணன் விளக்கினார். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். வாய்தவறி வந்தது உண்மை என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

ரஷ்யாவில் 1993லேயே அது குற்றமில்லை என்றாகிவிட்டது. ஆனால் அதை ஆதரித்துச் சிறார்களிடம் பேசக் கூடாதென்று 2013இல் சட்டம். 2022இல் யாரிடமுமே கூடாதென்றார்கள். நான் பழகிய ரஷ்யர்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை. ‘வீட்டுக்குள் எப்படியும் இரு, வெளியே காட்டாதே.’ அம்மாவின் ‘ஊர் என்ன பேசும்’ இதற்கு ஒன்றும் தூரமில்லை. 2018 செப்டம்பரில் இங்கே 377 தீர்ப்பு வந்த அன்று, விடுதிச் சமையலறையில் ரசம் கொதிக்கக் கொதிக்க நம் பையன்கள் அடித்த கமெண்டுகள்தான் அதிகம் வலித்தன. தமிழில் கேட்டதாலோ என்னவோ.

அங்கே எனக்கென்று ஒருவன் இருந்தான். 2023இல் படிப்பு முடிந்து ஊர் திரும்பினேன். அந்த நவம்பர் 30 அன்று, ‘சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்’ தீவிரவாத அமைப்பு என்று ரஷ்ய உச்ச நீதிமன்றம் அறிவித்தது. இரவு அவனிடமிருந்து ஒரே வரி: நம்ம சாட் எல்லாத்தையும் அழிச்சிடு.

அழித்தேன். நம்பர் மட்டும் இருக்கிறது, ‘ஹாஸ்டல் வார்டன்’ என்ற பெயரில்.