கல்லாறில் பொய் சொன்ன முள்!

மேட்டுப்பாளையம் தாண்டியதும் இருபுறமும் பாக்குத் தோப்புகள், சில்லென்று காலைக் காற்று. பின் சீட்டில் அம்மாவும் பாட்டியும் ஊட்டிக் கதை பேசிக்கொண்டு வர, அப்பாவின் கண் மட்டும் டேஷ்போர்டில். எங்கள் 1986 மாடல் பெட்ரோல் அம்பாசடரின் ஹீட் மீட்டர் முள், உச்சிக்குப் போயிருந்தது.

மலை ரயிலின் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்கும் கல்லாறு அது. முதல் கொண்டை ஊசி வளைவுகூட இன்னும் வரவில்லை.

"இதோட போதும். ஊருக்குப் போனதும் வித்துடறேன்" என்றார் அப்பா. தாத்தா வாங்கிய வண்டி. பாட்டி பேச்சை நிறுத்திவிட்டார்.

சாலையோரப் பட்டறையில் நிறுத்தினோம். நான் ரேடியேட்டர் மூடியில் கைவைக்க, "எடு கண்ணு கையை! கொதிதண்ணி மூஞ்சில அடிச்சுரும்" என்று தடுத்தார் வயதான மெக்கானிக். ஆவி இல்லை, ஒழுகல் இல்லை, ஃபேன் பெல்ட்டும் சரி. பிறகு டேஷ்போர்டை எட்டிப் பார்த்தார்.

"பெட்ரோல் எப்பங்க போட்டீங்க?"

"நேத்து ஈரோட்டுல, பத்து லிட்டர்."

"அப்புறம் எப்படிங்க இவ்வளவு காட்டுது?"

அட, ஆமாம்! பெட்ரோல் முள்ளும் இருக்க வேண்டியதைவிட மேலே நின்றது.

விஷயம் இதுதான். இந்த இரண்டு மீட்டருக்கும் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரே ஸ்டெபிலைசர். 12 வோல்ட் பேட்டரி கரன்ட்டை அது சுமார் 10 வோல்ட் அளவுக்கு மட்டுப்படுத்தித் தரும். அதன் எர்த் விட்டுப்போனால் முழு வோல்ட்டேஜும் பாய்ந்து, இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறிவிடும். ஹீட் முள் மட்டும் ஏறினால் இன்ஜின் நிஜமாகவே கொதிக்கலாம். அல்லது இன்ஜினில் உள்ள ஹீட் சென்சாரோ, அதன் ஒயரோ கெட்டிருக்கலாம். எதுவானாலும் வண்டியை நிறுத்திப் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, துருவேறிய எர்த் ஸ்க்ரூவைச் சுரண்டி இறுக்கினார். மறுபடி சாவியைத் திருப்பினோம். ஹீட் முள் நடுவில் வந்து நின்றது. பெட்ரோல் முள்ளோ காலிக் கோட்டுக்குப் பக்கத்தில்!

ஹீட்டுக்குப் பயந்து நிறுத்தியதால் தப்பித்தோம். இல்லையென்றால் ஏதாவது ஒரு வளைவில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, காலி டேங்கோடு நின்றிருப்போம்.

மேட்டுப்பாளையம் திரும்பி, பெட்ரோல் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினோம். பர்லியாறு தாண்டும்போது பாட்டி மெதுவாகக் கேட்டார், "ஏப்பா, வண்டியை எப்ப விக்கறே?"

அப்பா பதில் சொல்லவில்லை. கியரை மாற்றினார்.