ஒன்பதாவது விலா

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். ஞாயிறு படும் திசையிலுள்ள கரை என்பது பொருள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவிக்கு அப்பால், எழுவான்கரையிலே பட்டினமும் கடைத்தெருவும் அமைய, இப்பால் வயலும் மாட்டுப்பட்டியுமே எங்கள் செல்வமாயின. பட்டிக்காரர் ஒருவரின் மகனாகிய நான் பேராதனைக்குக் கால்நடை மருத்துவம் கற்க வந்தபோது, மாட்டைப் பற்றி எனக்குப் புதிதாகச் சொல்வதற்கு எவரிடமும் அதிகம் இராது என்றே எண்ணியிருந்தேன். அவ்விறுமாப்பு உடற்கூற்றியல் வகுப்பின் முதற் கிழமையிலேயே அடங்கிவிட்டது.

மேசைமீது என்புகள் பரப்பப்பட்டிருந்தன. வாழ்நாள் முழுவதும் மாடுகளோடு வளர்ந்தவன், மாட்டின் முள்ளந்தண்டில் எத்தனை என்புகள் உள்ளன என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். கழுத்தில் ஏழு, நெஞ்சறையில் பதின்மூன்று, நாரியில் ஆறு, இடுப்பில் ஒன்றாய் இணைந்த ஐந்து, வாலில் பதினெட்டு முதல் இருபது வரை. குதிரைக்கு விலா பதினெட்டுச் சோடி. மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் பதின்மூன்று. பன்றிக்குப் பெரும்பாலும் பதினான்கு அல்லது பதினைந்து. ஆயினும் கழுத்தென்புகள் இவை அனைத்துக்கும் ஏழுதான். நெடுங்கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழே. நாம்பனின் நிமிர்ந்த திமிலுக்குள் உறுதியான என்பு ஒன்று இருக்குமென்று சிறுவயது முதல் நம்பியிருந்தேன். அங்கே என்பு இல்லை. அது தசையாலும் கொழுப்பாலும் ஆன திரட்சி என அறிந்தபோது வியந்தேன்.

மண்டையோடு எனக்கு வேறொரு விளக்கத்தைத் தந்தது. மாட்டின் தலை உச்சி முழுவதையும் நுதலென்பே மூடியிருக்கிறது. அவ்வென்பின் நீட்சியே கொம்பின் உட்கூடு. வளர்ந்த மாட்டிலே நுதலறையின் வெற்றிடம் அக்கூட்டினுள்ளும் புகுந்திருக்கும். கொம்பு முறிந்த மாட்டை மழையில் விடாது, வேப்பெண்ணெய்த் துணி சுற்றிக் கட்டி, “தண்ணி மண்டைக்குள்ள இறங்கிரும்” என்று அப்பா சொல்வது வழக்கம். அதைப் பழங்கதையென நான் நகைத்ததுண்டு. அறுத்து வைத்த மண்டையோட்டைக் கண்ட பின்னர் நகைக்கவில்லை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

மாரி வேளாண்மைக் காலத்தில் எங்கள் பகுதிப் பட்டிகள் வயற்புறத்தை விட்டு மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளுக்குச் சென்றுவிடும். 2022 மார்கழியில் எங்கள் பட்டியும் அவ்வாறே போயிற்று. நடக்க இயலாத கிழட்டுச் சிவலைப் பசு மட்டும் வளவிலே நின்றது. அம்மாதம் மாண்டௌஸ் புயலையொட்டி வீசிய குளிர்காற்றிலே வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. சிவலையும் அவற்றுள் ஒன்று. அப்பா அதனை வளவின் எல்லையில் குழிதோண்டிப் புதைத்தார்.

2024 சித்திரை விடுமுறையில் ஊர் சென்றபோது, படிப்பதற்கு எனக்கென ஓர் என்புத் தொகுதி வேண்டுமென்று அப்பாவிடம் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு மண்வெட்டியை எடுத்துத் தந்தார். மணற்பாங்கான நிலமாகையால் என்புகள் தூய்மையாகவே கிடைத்தன. அவற்றைக் கழுவி, பாயொன்றில் வரிசையாக அடுக்கினேன். முதல் எட்டு விலாக்கள் தத்தம் கசியிழையத்தால் மார்புப்பட்டையை நேரே சென்றடைபவை. எஞ்சிய ஐந்தும் அவ்வாறு அடையாதவை. அவ்வைந்தில் முதலாவது, இடப்பக்கத்து ஒன்பதாவது விலா, நடுவிலே புடைத்து, முடிச்சிட்ட கயிறுபோல் இருந்தது.

முறிந்து பொருந்திய என்பு அது. விலா முறிந்தால் அதனை அசையாது கட்டிவைக்க இயலாது, மூச்சு நிற்பதில்லையே. அடுத்துள்ள இரு விலாக்களும் இடைத்தசைகளுமே சிம்பாகி அதனைத் தாங்கவேண்டும். அசைவின் நடுவே பொருந்துவதால் முடிச்சும் பெரிதாகவே அமையும். நிமிடத்துக்கு இருபது முறையளவில் மூச்சிழுக்கும் விலங்கு, பொருந்தும்வரை ஒவ்வொரு மூச்சிலும் அந்நோவை அனுபவித்திருக்கும்.

முறிவு உண்டென்பதை என்பு சொல்லும். முறித்த கையைச் சொல்லாது. ஆனால் எனக்குத் தெரியும். அப்போது எனக்கு வயது பத்து. சிவலை ஈராண்டு நாகு. காவலுக்கு நிறுத்தப்பட்ட நான் விளையாட்டில் மறந்திருக்க, அது அயலவரின் வேளாண்மைக்குள் இறங்கிவிட்டது. அச்சமும் சினமும் மேலிட, வேலிக் கதியாலொன்றைப் பிடுங்கி அதன் இடப்பக்கத்தில் ஓங்கி அடித்தேன். விழுந்து எழுந்தது. சில நாள் சரியாக மேயவில்லை. ஏனென்று அப்பா கேட்டபோது தெரியாதென்றேன்.

பாயருகே வந்து குந்திய அப்பா, நான் ஒன்றும் சொல்லுமுன்பே அவ்வென்பைக் கையிலெடுத்து விரலால் தடவினார்.

“உண்ணி பிடுங்கைக்குள்ள கையில தட்டுப்படுற முடிச்சு இதுதான் மகன். ஆர் அடிச்சதெண்டுதான் தெரியாமக் கிடந்தது.”

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொல்லாததை அப்போது சொன்னேன். அவர் ஏசவில்லை, தேற்றவுமில்லை. என்புகளைச் சாக்கில் இடத் தொடங்கினார். அவ்விலாவை மட்டும் வளவிலே விட்டுச் செல்லும் எண்ணத்துடன் நான் ஒதுக்கி வைத்ததைக் கண்டு, “எல்லாத்தையும் கொண்டு போ. ஒண்டும் குறையப்படாது” என்றார்.

அத்தொகுதி இன்று என் விடுதி அறையிலே இருக்கிறது. படிக்க வரும் நண்பர்கள் முடிச்சைக் கண்டு காரணம் கேட்பர், சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டிலே மாட்டின் தோலில் குடிக்குரிய குறியைச் சுடுவது பழைய வழக்கம். சிவலையின் தோலில் எங்கள் குடி இட்ட குறி மண்ணோடு மண்ணாயிற்று. நான் இட்ட குறி என்பிலே நிலைத்துவிட்டது.

உயிருள்ள மாட்டில் விலாக்களைப் பின்னிருந்தே எண்ணவேண்டும். முன்னுள்ளவை தோளுக்குள் மறைந்திருக்கும். பயிற்சிக்காகக் கொட்டிலிலே மாட்டின் பக்கத்தில் கைவைத்துப் பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று, பத்து என எண்ணி வருகையில், ஐந்தாவதாகத் தொடும் விலாவிலே என் விரல் இன்றும் சிறிது தயங்குகிறது. அவ்விடத்தில் முடிச்சு உண்டா எனத் தடவிப் பார்த்த பின்னரே அடுத்த என்புக்குச் செல்கிறேன்.