முந்திரி மலையில் ஒரு கோடை

சென்ற ஏப்ரல் மாதத்தில் மும்பையிலிருந்து கொங்கண் ரயிலேறிக் கோவாவுக்குப் பிரயாணமானோம். கோவா என்றதும் கடற்கரையும் மாதா கோயில்களுமே நம் நினைவுக்கு வரும். நாங்கள் நாடிச் சென்றதோ கடலை அன்று, மலையை. கர்மாலி நிலையத்தில் இறங்கி, கிழக்கே சத்தரி வட்டத்தில் வால்பாயைத் தாண்டி ஒரு சிற்றூரை அடைந்தோம். மும்பையில் எங்களோடு பணியாற்றிய நண்பர் ஒருவரின் தந்தையார் இல்லம் அங்கே இருக்கிறது. தமக்கையின் மகனும் உடன் வந்திருந்தான். அவனுக்கு வயது 24.

வண்டியை விட்டு இறங்கியதுமே முந்திரிப் பழத்தின் வாசனை எங்களை எதிர்கொண்டது. பண்ருட்டிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டுவதில்லை. துவர்ப்பு அடங்க உப்புத் தொட்டுத் தின்று, சட்டையெல்லாம் கறையாக்கிக்கொண்டு வீட்டில் வசை வாங்கிய நாட்கள் நினைவுக்கு வந்தன. நம் ஊரில் கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தைப் பெரும்பாலும் எறிந்துவிடுகிறோம். இங்கோ பழத்துக்கும் தனி மரியாதை! பிரேசில் நாட்டு மரத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்து நட்டனர். அதன் பழத்திலிருந்து மது வடிக்கும் தொழிலைக் கோவா மக்கள் தங்கள் சொத்தாக்கிக்கொண்டனர்.

மறுநாள் காலையில் பெரியவர் எங்களைத் தோப்புக்கு அழைத்துச் சென்றார். பழத்தை மரத்திலிருந்து பறிப்பதில்லை. கனிந்து தானாக உதிர்ந்ததையே பொறுக்குகிறார்கள். கொட்டையைத் திருகி எடுத்தபின், பாறையில் குடைந்த தொட்டியில் பழத்தைக் கொட்டிக் காலால் மிதிப்பது பழைய முறை. இப்போது பல இடங்களில் இயந்திரம் வந்துவிட்டது. மிதித்த சக்கையைக் குவித்துக் கட்டி மேலே பாரம் ஏற்றினால் தெளிந்த சாறு சொட்டும். அதற்கு நீரோ என்று பெயர். புளிக்காத அந்தச் சாற்றைக் குழந்தைகளும் அருந்துகிறார்கள். மிதித்தெடுத்த சாற்றைச் சில நாள் புளிக்கவிட்டுக் காய்ச்சி வடித்தால் முதலில் கிடைப்பது உர்ராக்; அதை மீண்டும் வடித்தால் ஃபெனி. தென்னங்கள்ளிலிருந்து வடிக்கும் ஃபெனியும் உண்டு. அது தெற்குக் கோவாவில் அதிகம். முந்திரி ஃபெனிக்கு 2009ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016ஆம் ஆண்டில் மாநில அரசு ஃபெனியைப் பாரம்பரிய மதுவாக ஏற்றது.

மாலையில் திண்ணையில் அமர்ந்தோம். மதுவைப் பற்றி நம் இதழில் எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்துக்குப் பின் கள்ளச் சாராயம் நம்மவர் குடும்பங்களை எப்படிக் குலைத்தது என்பதை மூத்தோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்களே நாங்களும். ஆனால் அந்தத் திண்ணையில் நாங்கள் கண்டது வேறு. குடும்பத்தார் அனைவரும் பார்க்க, பேரப்பிள்ளைகள் பக்கத்தில் விளையாட, பெரியவர் ஒரே ஒரு கோப்பை நிரப்பினார். ஒரு பங்கு உர்ராக், இரு பங்கு எலுமிச்சைச் சோடா, பாதி எலுமிச்சம்பழத்தின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, கீறிய பச்சைமிளகாய் ஒன்று. அவர் இளமையில் கோலி சோடா, இன்று லிம்கா.

“எலுமிச்சைச் சோடாவுக்கு எது பொருந்தும்?” என்று கேட்டோம்.

“பழத்தின் மணம் எதில் மிஞ்சியிருக்கிறதோ அது பொருந்தும். முந்திரியின் காறலை எலுமிச்சை அடக்கும், வாசனையை அடக்காது. நெடுநாள் மரப்பீப்பாயில் ஊறிய விஸ்கியில் இதை ஊற்றினால் இரண்டும் கெட்டுப்போகும். உர்ராக் கோடையோடு வந்து கோடையோடு போய்விடும், வைத்திருந்தால் கெடும். ஃபெனி ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் அதன் அளவு வேறு” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை எங்கள் பிள்ளை கேட்டானில்லை. உள்ளே இருந்த ஃபெனிப் புட்டியை எடுத்து, உர்ராக்கைக் கலந்த அளவிலேயே சோடாவைக் கலந்து இரண்டு கோப்பை அருந்திவிட்டான். கணக்கைப் பாருங்கள். உர்ராக்கில் சாராயச் சத்து நூற்றுக்குச் சுமார் 15. இரு பங்கு சோடா சேர்ந்தால் 5. ஃபெனியிலோ சுமார் 42. அதே சோடா சேர்ந்தாலும் 14. அதாவது, ஏதும் கலவாத உர்ராக்கைக் கோப்பை கோப்பையாகக் குடித்ததற்கு ஏறக்குறைய சமம். சோடாவின் இனிப்பு நாவை ஏமாற்றிவிடுகிறது, உடலை ஏமாற்றுவதில்லை.

சிறிது நேரத்தில் அவன் எழுந்து, வாடகைக்கு எடுத்திருந்த ஸ்கூட்டரில் வால்பாய் வரை போய்வருவதாகச் சொன்னான். பேச்சில் குழறல் இல்லை. நடையிலும் தள்ளாட்டம் இல்லை. நாங்களும் தடுக்கவில்லை. இன்றும் நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. பெரியவர்தாம் எழுந்து வந்து, அவன் கையிலிருந்த சாவியை மெல்ல வாங்கி, பூஜை மாடத்தின் ஆணியில் மாட்டினார்.

“தம்பி, என் தம்பியும் நன்றாகத்தான் நடந்தான். இந்தப் பாதையில்தான் போனான், திரும்பவில்லை.”

அவ்வளவுதான் சொன்னார். யாரும் பேசவில்லை. அரைமணி கழிவதற்குள் பிள்ளைக்குத் தலை சுழன்றது, திண்ணையிலேயே சாய்ந்துவிட்டான். வீட்டம்மாள் அவன் தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துவிட்டு, நெடுநேரம் அருகிலேயே அமர்ந்திருந்தார்.

விடிந்ததும் சாவி அவன் கைக்கு வந்தது. பெரியவர் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அவன் அவர் காலைத் தொட்டு வணங்கிவிட்டுத் தோப்புக்குப் போய், நண்பகல் வரை அவர்களோடு பழம் பொறுக்கினான்.

திரும்புகையில் எங்கள் பையில் புட்டி ஏதும் இல்லை. இரண்டு படி முந்திரிக்கொட்டை மட்டுமே இருந்தது. கோவா செல்லும் அன்பர்கள் கோடையில் இந்த மலைப்பக்கமும் ஒருமுறை சென்று வாருங்கள். அருந்தும் வழக்கமில்லாதவர்களுக்கு நீரோ இருக்கிறது. அதில் எலுமிச்சை பிழிந்து சோடா சேர்த்தால் அமிர்தம். அருந்துவோர் எதை அருந்துகிறோம், எவ்வளவு அருந்துகிறோம் என்று கேட்டு அறிந்தபின் கோப்பையைத் தொடுங்கள். அதற்கும் முன்னதாக, வண்டிச் சாவியை வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்துவிடுங்கள்.