காணாமற்போன சிறுபடங்கள்

கணினியிலுள்ள ஒரு கோப்பைத் திறவாமலே அதனுள் இருப்பது இன்னதென்று காட்டும் சிறிய படத்துக்கு ஆங்கிலத்தார் 'பெருவிரல் நகம்' எனப் பொருள்படும் சொல்லை வழங்குகின்றனர். கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே சிறு வரைபடங்களைக் குறிக்க அவர்களிடையே வழங்கிய சொல் அது. தமிழிற் சிறுபடம் என்றும் முன்னோட்டப் படம் என்றும் பலவாறு எழுதுவர். 'தம்ப்நெயில்' என்றாலன்றி எங்கள் விடுதியில் எவருக்கும் விளங்குவதில்லை என்பது வேறு விடயம். இக்கட்டுரையில் யான் சிறுபடம் என்ற சொல்லையே கையாள்கிறேன். ஆயினும் பெருவிரலை அடியோடு விட்டுவிட மனமில்லை. அதற்குரிய காரணம் பின்னர் விளங்கும்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா செல்லும் வழியிலுள்ள ஒரு தோட்டத்தில் எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக வாழ்ந்து வருகின்றது. நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். தென்மேற்பருவ மழை தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் லயத்துச் சுவர்கள் உலர்வதில்லை. காகிதத்துக்கு இதனிலுங் கொடிய பகை வேறில்லை. தகரப் பெட்டிகளிலே துணியிற் சுற்றி வைக்கப்பட்டிருந்த பழைய பத்திரங்கள் பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கண்டு, 2021ஆம் ஆண்டு முதல் விடுமுறைதோறும் எங்கள் லயத்தாரும் அயல் லயத்தாரும் வைத்திருந்தவற்றைக் கைத்தொலைபேசியாலும், வாய்த்தபோது வருடிப் பொறியாலும் படமெடுத்துக் கணினியிற் சேர்த்து வந்தேன். பிறப்புச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைப் பத்திரங்கள், சம்பளத் துண்டுகள், கடவுச்சீட்டுக்காக எடுக்கப்பட்ட குடும்பப் படங்கள் என அவை நானூறைத் தாண்டின.

இத்துணை அக்கறை எதற்கு என்று பிற பகுதிகளிலிருந்து வரும் நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் முன்னோரை ஒரேயடியாக நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவ வேண்டும் என்றது. எழுத்தறியாத தொழிலாளி எதைக் கொண்டு நிறுவுவான்? செக்ரோலில் அவனுடைய பெயரை எழுதியவர் கணக்கப்பிள்ளை. பிள்ளையின் பிறப்பைப் பதிந்தவர் துரை. அவர்கள் எழுதித் தந்த துண்டுகளே அவனது சரித்திரமாயின. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னொரு நாளைக்கு ஒத்திவைத்தபோதும் பெட்டியிலிருந்த காகிதந்தான் பேசிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் நிலைமை பெரிதும் மாறியது. ஆனால் காகிதத்தைப் பேணும் அச்சம் எங்கள் வீடுகளை விட்டு இன்னும் அகலவில்லை.

இப்பத்திரங்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் உள்ளவை. அவற்றின் உடைமையாளருட் பலர் எம்மொழியிலும் வாசிக்க அறியாதவர்கள். கோப்புகளின் பெயர்களோ தொலைபேசி தானாக இட்ட நாளும் நேரமுமாகிய இலக்கங்கள். எனினும் ஞாயிறு பிற்பகல்களில் என்னருகே அமர்ந்து, திரையிலே வரிசை வரிசையாகத் தோன்றும் சிறுபடங்களிலிருந்து தம்முடையதை அவர்கள் கண்ட மாத்திரத்தே சுட்டிக்காட்டுவர். மூலை கிழிந்தது ஒருவருடையது. தேநீர்க் கறை படிந்தது மற்றொருவருடையது. கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஊதா நிறத்தில் அப்பியிருக்கும் பெருவிரல் அடையாளத்தைக் கொண்டே தம் தாயின் பத்திரத்தை இனங்காண்போரும் உண்டு. கற்றவர்க்குச் சிறுபடம் ஒரு வசதி. அவர்களுக்கோ அதுவே எழுத்து.

2025 ஒக்டோபரில் என் கணினியின் இயங்குதளம் மேம்படுத்தப்பட்டது. பழைய பொறியாதலால் அதனை நகரிலுள்ள ஒரு கடையிற் கொடுத்தோம். கோப்புகளையெல்லாம் வேறொரு வட்டுக்கு மாற்றி, வேலை முடிந்தபின் மீண்டும் இட்டுத் தந்தார்கள். அதன்பின் நான் பேராதனைக்குச் சென்றுவிட்டேன். நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலைநாடெங்கும் மண் சரிந்து பல நூறு உயிர்களைக் கொண்ட அந்நாட்களைப் பற்றி இங்கு விரித்தெழுத வேண்டியதில்லை, வாசகர் அறிவர். எங்கள் லயம் தப்பியது. பக்கத்து லயத்துச் சின்னம்மாவின் வீட்டினுள் பின்சுவரை உடைத்துக்கொண்டு சேறு புகுந்தது. அவருடைய தகரப் பெட்டி அதனுட் போயிற்று.

டிசெம்பரில் வீடு சென்றதும் முதலில் வந்தவர் சின்னம்மாதான். எவையெவை எஞ்சியுள்ளன என்று அவர் காண வேண்டும். கோப்புறையைத் திறந்தேன். நானூறு கோப்புகளும் ஒரே அச்சில் வார்த்த வெண்ணிறக் குறிகளாக நின்றன. ஒரு முகமுமில்லை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அம்மாயி, "என்ன பாப்பா, எல்லாத்துக்கும் வெள்ளத்துணியப் போத்தி வச்சிருக்கு?" என்றார். சின்னம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்த் திண்ணையில் அமர்ந்துகொண்டார்.

இங்கே சிறுபடம் உண்டாகும் முறையைச் சற்று விளக்குதல் வேண்டும். சிறுபடம் கோப்பின் உறுப்பன்று. கோப்புறையை நாம் திறக்கும்போது இயங்குதளம் ஒவ்வொரு கோப்பையும் வாசித்து, சுருங்கிய பிரதியொன்றை ஆக்கி, அதனைத் தனியான ஒரு கிடங்கில் இட்டு வைக்கின்றது. மறுமுறை உழைப்பு மிஞ்ச வேண்டுமென்பதே நோக்கம். விண்டோஸின் பழைய பதிப்புகளில் இக்கிடங்கு ஒவ்வொரு கோப்புறையினுள்ளும் மறைவாகக் கிடந்தது. விஸ்டா வந்தபின் பயனருடைய கணக்கின்கீழ் ஓரிடத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டது. லினக்ஸ் வகையினவற்றிலும் தனிக் கிடங்கே உண்டு. அங்கே சிறுபடத்துக்கு இடப்படும் பெயர், மூலக் கோப்பின் முழு முகவரியிலிருந்து கணித்துப் பெறப்படுவது. ஆகவே கோப்புறையின் பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது எள்ளளவும் மாறாதிருந்தும் பழைய சிறுபடம் அநாதையாகிவிடும்.

இதனை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சற்றுக் கசப்பும் வந்தது. மலையகத்துத் தோட்டங்களுக்குப் பத்திரத்தில் ஓர் ஆங்கிலப் பெயரும் தொழிலாளர் வாயில் ஒரு தமிழ்ப் பெயரும் உண்டு. தான் பிறந்த தோட்டத்தின் பெயரை ஒருவர் சொல்ல, எழுதுவினைஞர் தம் பட்டியலில் அப்பெயரைக் காணாது, "அப்படியொரு தோட்டமில்லை" என்று திருப்பியனுப்பிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆளைப் பாராது முகவரியைப் பார்க்கும் வழக்கம் கணினியார் கண்டுபிடித்ததன்று.

எவ்வாறாயினும் கிடங்கு வெறுமையானதால் மூலம் அழிந்ததாகாது. ஒரு கோப்பைத் திறந்து பார்த்தேன். பத்திரம் முழுமையாக இருந்தது. வேறெதையுந் தொடுமுன் அனைத்தையும் புறவட்டொன்றிற் பிரதி செய்துகொண்டேன். இனிச் செய்யவேண்டியது சிறுபடங்களை மீண்டும் ஆக்குமாறு பொறிக்குச் சொல்லுதல். கோப்புறைத் தெரிவுகளில் 'எப்போதும் குறிகளையே காட்டுக, சிறுபடங்களைக் காட்டற்க' என்ற பொருளில் ஒரு கட்டம் உண்டு. அதில் அடையாளம் இடப்பட்டிருந்தது. பழைய பொறி விரைந்து இயங்கட்டும் என்ற நல்லெண்ணத்தாற் கடையில் அவ்வாறு அமைத்திருக்கக்கூடும். அடையாளத்தை நீக்கி, பழுதான கிடங்கையும் வட்டுத் துப்புரவு வசதியால் வெறுமையாக்கிப் பொறியை மீளத் தொடக்கினேன். ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழாக, முகங்கள் வரத்தொடங்கின. அம்மாயி திண்ணையிலிருந்த சின்னம்மாவைக் கூவி அழைத்தார்.

எல்லாம் வந்துவிடவில்லை. வருடிப் பொறி பீடிஎஃப் வடிவில் ஆக்கிய கோப்புகள், அவற்றை வாசிக்கும் மென்பொருளின் விருப்பத் தெரிவுகளிலே சிறுபட வசதியை இயக்கிய பின்னரே தோன்றின. தம்பியின் புதிய தொலைபேசியில் எடுக்கப்பட்ட ஹெயிக் வகைப் படங்களுக்குத் தனியே ஓர் இணைப்பை நிறுவ வேண்டியிருந்தது. இவை சிறு தொல்லைகள். ஆனால் பதினொரு கோப்புகள் எது செய்தும் வெள்ளையாகவே நின்றன. அவற்றின் அளவை நோக்கினேன்: ஏனையவை மூன்று நான்கு மெகாபைற்றாக இருக்க, இவை சில பத்துக் கிலோபைற்றுகளே. வட்டுக்கு வட்டு மாற்றுகையில் பாதியில் அறுந்தவை. படமெடுத்த தொலைபேசி ஈராண்டுக்கு முன்னரே செயலிழந்து போயிற்று. ஒன்பதின் மூலப் பத்திரங்கள் உடையவர்களிடமே இருந்தன, மீண்டும் படமெடுத்தேன். ஏனைய இரண்டும் சேற்றினுட் போன பெட்டியைச் சேர்ந்தவை.

அவற்றுள் ஒன்று, சின்னம்மாவின் தாய் 1951இல் பிரஜாவுரிமைக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி.

சிறுபடம் கோப்பின் உறுப்பன்று என மேலே எழுதினேன். அதற்கு ஒரு புறனடை உண்டு. தொலைபேசிகளும் படக்கருவிகளும் ஜேபெக் கோப்பின் தலைப்பகுதியில், எடுத்த நாள் முதலிய விவரங்களோடு, 160க்கு 120 புள்ளி போன்ற அளவிலான சிறுபடமொன்றையும் பொதித்து விடுவது வழக்கம். எக்சிஃப் என்பது அவ்வமைப்பின் பெயர். கோப்பு நடுவிலே அறுந்தாலும் தலைப்பகுதி தப்பியிருக்கும். இயங்குதளம் முழுப் படத்தையும் வாசிக்க முயன்று இயலாது கைவிட்டிருந்தது. விவரங்களைப் பிரித்தெடுக்கும் இலவச மென்பொருளொன்றைக் கொண்டு அத்தலைப்பகுதியை மட்டும் எடுத்தேன். ஒரு கோப்பிலிருந்து ஒன்றுங் கிட்டவில்லை. மற்றையதிலிருந்து அந்த விண்ணப்பம் வந்தது.

ஓர் எழுத்தையேனும் வாசிக்க முடியாது. வரிகள் சாம்பல் நிறக் கோடுகளாயின. கீழே வலப்புறத்தில் ஊதா நிறப் பொட்டாகப் பெருவிரல் மட்டும் தெரிந்தது. சின்னம்மா அதனை உடனே கண்டுகொண்டார். பெரிதாக்கித் தருமாறு நகரிலுள்ள ஸ்டூடியோவிற் கேட்டோம். பெருக்கப் பெருக்க அது நிறச் சதுரங்களாகச் சிதறியதேயன்றித் தெளியவில்லை. "உள்ளபடியே இருக்கட்டும் தம்பி, அதே அளவுலயே குடுங்க" என்றார் சின்னம்மா. தபால் முத்திரையளவில் அச்சிட்டுத் தந்தார்கள். அடையாள அட்டையை வைக்கும் உறையினுள், அட்டைக்குப் பின்னால், அதனை இப்போது வைத்திருக்கிறார்.

யான் இந்த விடுமுறையிற் கோப்புகளுக்குப் பெயரிடத் தொடங்கியுள்ளேன். உடையவர்கள் சொல்லும் பெயரையே, அவர்கள் சொல்லும் தோட்டப் பெயரோடு. நூற்று முப்பது முடிந்திருக்கிறது.