காஞ்சிபுரம் இட்லியும் அப்பாவும்

சென்னை ஓட்டல் மெனுவுல 'காஞ்சிபுரம் இட்லி' பார்த்திருப்பீங்க. வழக்கமான வட்ட இட்லி, உள்ள கொஞ்சம் மிளகு சீரகம், மேல ஒரு முந்திரி. பில்லுல மட்டும் கூடுதலா போட்டுடுவாங்க. நான் பொட்டி தட்டுற ஆபீஸ் கேன்டீன்லயும் இதே கதைதான்.

மக்களே, ஒரிஜினல் சரக்கே வேற!

அப்பாவுக்குச் சொந்த ஊர் சின்ன காஞ்சிபுரம். போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போனப்போ வரதராஜப் பெருமாள் கோவில் பிரசாதக் கடைக்கு அவரையும் இழுத்துட்டுப் போனேன். (2019ல அத்திவரதரைப் பார்க்க 48 நாள் கூட்டம் அலைமோதுச்சே, அதே கோவில்தான்.)

அரிசி, உளுந்தை ரவை மாதிரி கொரகொரன்னு அரைச்சு, புளிக்க வச்சு, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்ப்பாங்க. நீளமான மூங்கில் குடலைக்குள்ள மந்தாரை இலையை விரிச்சு, மாவை ஊத்தி, மணிக்கணக்கா ஆவியில வேக வைப்பாங்க. அதனாலதான் குடலை இட்லின்னு இன்னொரு பேரு. பெருமாளுக்கு நைவேத்தியம் ஆனதும் துண்டு போட்டு நமக்கு. சட்னி, சாம்பார் எல்லாம் கிடையாது. பஞ்சு மாதிரி இருக்கும்னு நினைச்சுடாதீங்க, நல்லா அழுத்தமா இருக்கும். முதல்ல இலை வாசம், அப்புறம் மிளகு, கடைசியா தொண்டையில சுக்கு. ஆஹா!

நான் இப்படி ரசிச்சு ரசிச்சு போட்டோ எடுத்துட்டு இருக்க, அப்பா பேசாம சாப்பிட்டுட்டு இருந்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"அப்பல்லாம் ருசி பார்த்தா சாப்பிட்டோம்? ஒரு துண்டு கிடைச்சா மதியம் வரைக்கும் பசிக்காது. அவ்ளோதான்டா."

கோர்வைப் புடவையில உடம்பு ஒரு கலர், கரை வேற கலர். ரெண்டுக்கும் ஊடை நூல் தனித்தனி. அதனால தறியில நெய்றவர் பக்கத்துல இன்னொரு ஆள் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளணும். அந்தக் காலத்துல பெரும்பாலும் சின்னப் பசங்கதான் இதைச் செஞ்சாங்க. பத்து வயசுல அப்பா பார்த்த வேலை அது. இத்தனை வருஷத்துல அவர் இதைச் சொன்னதே இல்லை. காஞ்சிப் பட்டுக்கு 2005-06ல புவிசார் குறியீடு கிடைச்சதைப் பத்தி அவர்கிட்ட பெருமையா பேசினவன் நான். "அப்படியா"ன்னு மட்டும் கேட்டுக்கிட்டார்.

அம்மாவுக்கு ரெண்டு துண்டு பார்சல் வாங்கினார். மறுநாள் காலையிலயும் கெடாம அப்படியே இருந்துச்சு.

அடுத்த தடவை பட்டு எடுக்க காஞ்சிபுரம் போனா ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்க. கூட வீட்டுப் பெரியவங்க யாராவது இருந்தா, போட்டோவை அப்புறம் எடுத்துக்கலாம். அவங்களை முதல்ல பேச விடுங்க.