கோவைப் பந்தயப் பட்டறைகளில் பிளக் வயர்

பஞ்சாலை இயந்திரங்களுக்கும் பம்புசெட்டுகளுக்கும் உதிரிபாகங்களை வார்த்தும் கடைந்தும் கொடுத்து வளர்ந்த கோயம்புத்தூர்ப் பட்டறைத் தொழிலிலிருந்தே அந்நகரின் மோட்டார் பந்தயத் தொழிலும் கிளைத்தது. வார்ப்பாலையும் லேத்தும் அவற்றைக் கையாளத் தெரிந்த கைகளும் கூப்பிடு தூரத்தில் இருந்ததால், லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை அங்கேயே உருவாக்க முடிந்தது. 2005இல் ஃபார்முலா ஒன் போட்டியில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தம் தொடக்கக் காலத்தில் ஓட்டியதும் அவ்வகைக் காரே. 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத்தடம் இயங்கிவருகிறது. பந்தய எஞ்சின்களைத் திருத்தும் பட்டறைகளில் கேம் ஷாஃப்ட், கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் ஆகியவற்றைப் பற்றி நாள் முழுவதும் பேச்சு நடக்கிறது. விலையில் அவற்றுக்குப் பக்கத்தில்கூட வராத, ஆனால் தவறாகத் தேர்ந்துவிட்டால் அத்தனை வேலையையும் வீணாக்கிவிடும் பிளக் வயரைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அதைத் தேர்ந்து, அளந்து, வெட்டிப் பொருத்தும் தொழிலாளர்களின் கைத்திறன் தனியே கவனிக்கத் தக்கது.

பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை இக்னிஷன் காயில் எனப்படும் சுருள் 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துகிறது. பழைய எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் பகிர்மானக் கருவி அதை எந்தச் சிலிண்டருக்கு எப்போது அனுப்புவது என்று முறைப்படுத்துகிறது. அங்கிருந்து ஸ்பார்க் பிளக்கின் தலைவரை அந்த உயர் மின்னழுத்தத்தைக் கொண்டுசேர்ப்பதே பிளக் வயர். மாருதி 800இன் மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு மூன்று வயர்களும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் ஒன்றுமாக நான்கு வேண்டும். நான்கு சிலிண்டர் கொண்ட ஸென் காரின் 993 சிசி எஞ்சினுக்கு ஐந்து. பிளக்குக்கு ஒரு காயில் என்று நேரடியாக மேலே அமர்த்தும் முறை புதிய கார்களில் வந்துவிட்டதால் அவற்றில் இந்த வயரே கிடையாது. ஆயினும் குறைந்த செலவில் பந்தயத்துக்கு வருவோர் பழைய ஸென், 800, எஸ்டீம், ஜிப்ஸி ஆகியவற்றையே நாடுவதால், பட்டறைகளில் இவ்வேலை ஓயவில்லை.

பந்தயத்துக்காகத் திருத்தப்பட்ட எஞ்சின் வயரிடம் கேட்பது சாலைக் காரின் எஞ்சின் கேட்பதைவிட அதிகம். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பை மில்லிமீட்டரின் பின்ன அளவுக்குச் சீவி எடுத்து அமுக்க விகிதத்தை உயர்த்துவது கோவைப் பட்டறைகளின் பழகிய வேலை. ஆனால் அமுக்கம் கூடக் கூட, பிளக்கின் இரு முனைகளுக்கு இடையே உள்ள வாயுவைத் துளைத்துப் பொறி பாய்வதற்குத் தேவையான மின்னழுத்தமும் கூடுகிறது. டர்போ பொருத்தினால் இது இன்னும் ஏறும் என்பதால்தான் அத்தகைய எஞ்சின்களில் பிளக் இடைவெளியைக் குறைத்து வைக்கிறார்கள். இதனுடன் சுழற்சி வேகமும் சேர்ந்துகொள்கிறது: நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 முறை சுழலும்போது ஒரே காயில் நிமிடத்துக்கு 14,000 பொறிகளைத் தரவேண்டியிருப்பதால், ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே கிடைப்பது ஏறக்குறைய 4.3 மில்லி விநாடி மட்டுமே. அந்த இடைவெளிக்குள் காயில் நிரம்பி வெளியிடும் மின்சாரத்தில் ஒரு பகுதி வயரின் உறையைக் கிழித்து வழியில் கசிந்தாலும் சிலிண்டரில் கலவை எரியாமல் போய்விடக்கூடும். காரின் உரிமையாளர் அதை "மிஸ் அடிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டு வருவார். கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றிப் பார்த்தும் தீராமல் வருவோரே அவர்களில் பலர்.

சந்தையில் பிளக் வயர் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களில், குதிரைத்திறனைக் கூட்டும் என்ற வாக்குறுதியோடு விற்கப்படுகிறது. அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் இந்த வாக்குறுதியை ஏற்பதில்லை. இயற்பியலும் அவர்கள் பக்கமே நிற்கிறது. வயரின் மின்தடை குறைந்தால் பொறி வலுக்கும் என்பதே வாக்குறுதிக்குப் பின்னுள்ள வாதம். ஆனால் பொறி பாய்வதற்கு முந்தைய கணத்தில் பிளக்கின் இடைவெளி திறந்தே இருப்பதால், வயரில் மிகச் சொற்பமான மின்னோட்டமே இருக்கிறது. முனையில் திருகு மூடியிருக்கும் தண்ணீர்க் குழாய் குறுகலாக இருந்தாலும் அகலமாக இருந்தாலும் முனையில் அழுத்தம் ஒன்றாகவே இருப்பதைப் போல, அந்தக் கணத்தில் பிளக்கை எட்டும் மின்னழுத்தத்தை வயரின் தடை பெரிதாகக் குறைப்பதில்லை. பொறி பாய்ந்த பிறகு ஓடுவதும் மில்லி ஆம்பியர் கணக்கிலான மின்னோட்டமே: 50 மில்லி ஆம்பியர் ஓடும்போது 7,500 ஓம் தடையுள்ள வயரில் இழக்கப்படுவது 375 வோல்ட். பொறி எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்த இழப்பு வெப்பமாகச் செல்வது உண்மைதான். வலுக்குறைந்த காயில் உள்ள எஞ்சினிலும், அதிக மின்னோட்டத்தைச் செலுத்தும் பந்தய இக்னிஷன் பெட்டி பொருத்திய எஞ்சினிலும் அது கணக்கில் வரும். நல்ல நிலையிலுள்ள காயிலும் நல்ல நிலையிலுள்ள பழைய வயரும் கொண்ட எஞ்சினில் புது வயரால் கூடும் திறன் என்று எதையும் எதிர்பார்க்க இயலாது. எஞ்சின் ஏற்கெனவே உண்டாக்கும் திறனைச் சிந்தாமல் காப்பதே வயரின் வேலை. தேர்வு முழுவதும் இந்த ஒரு புரிதலிலிருந்தே தொடங்கவேண்டும். இதை மறந்து வாங்கப்பட்ட வயர்கள் பட்டறைகளின் மூலைகளில் நிறையக் கிடக்கின்றன.

வயரின் நடுவே செல்லும் கடத்தியை வைத்து அதை மூன்று வகையாகப் பிரிக்கலாம். செம்பு அல்லது எஃகுக் கம்பியைக் கொண்ட உலோக வயரில் தடை இல்லை என்றே சொல்லலாம். பழைய கார்புரேட்டர் எஞ்சின்களின் காலத்தில் பந்தயக்காரர்கள் விரும்பியது இதையே. கண்ணாடி இழையில் கரியை ஊட்டிச் செய்யப்பட்ட கரி வயரில் மீட்டருக்குப் பத்தாயிரம் ஓமுக்கும் மேல் தடை உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் கார்களில் பெரும்பாலும் காணப்படுவது இதுவே. மூன்றாவது வகையில், காந்தத் துகள் கலந்த மையத்தின்மேல் மெல்லிய உலோகக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும்; பட்டறையில் சுருள் வயர் எனப்படும் இவ்வகையில் பந்தயத்துக்கென விற்கப்படும் பலவற்றின் தடை மீட்டருக்கு ஓரிரு ஆயிரம் ஓமுக்குள் அடங்கும்.

தடையால் எஞ்சினுக்குப் பயன் ஏதும் இல்லையென்றால் உலோக வயரையே போட்டுவிடலாமே என்ற கேள்விக்கு விடை, எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு பொறியும் ஒரு சிறிய வானொலி ஒலிபரப்பி. உலோக வயர் அதற்கு ஆண்டெனாவாக அமைந்து மின்காந்த இரைச்சலைச் சுற்றுப்புறம் முழுவதும் பரப்புகிறது. கார்புரேட்டர் காலத்தில் இதனால் கெட்டது ரேடியோ மட்டுமே. எரிபொருளை ஊசித் தெளிப்பால் செலுத்தும் எஞ்சினில் ஈசியு என்னும் கணினிப் பெட்டி, கிராங்க் ஷாஃப்ட்டின் நிலையை அறியும் சென்சாரின் மெல்லிய சமிக்ஞையை எண்ணியே பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கிறது. இரைச்சல் அந்தச் சமிக்ஞையில் கலந்தால், சென்சார் எண்ணும் பற்சக்கரத்தில் இல்லாத பல்லை இருப்பதாக எண்ணிக் கணினி தடுமாறுகிறது. கிராங்க் சென்சாரை மாற்றியும் தீராத தடுமாற்றம் வயரை மாற்றியதும் தீர்வது இதனால்தான். கரி வயரின் தடையும் சுருள் வயரின் சுற்றும் இந்த இரைச்சலை அடக்குவதற்கென்றே வைக்கப்பட்டவை. பிளக்கின் உள்ளேயும் ஏறத்தாழ 5,000 ஓம் தடை இருப்பது அதே நோக்கத்துக்காகவே. என்ஜிகே பிளக்குகளின் குறியீட்டில் உள்ள 'ஆர்' என்ற எழுத்து இதைக் குறிக்கிறது. கணினி உள்ள எஞ்சினுக்குத் தடையுள்ள பிளக்கோடு சுருள் வயர் என்பதும், இக்னிஷன் மாற்றப்படாத கார்புரேட்டர் எஞ்சினுக்கு நல்ல கரி வயரே போதும் என்பதும் தேர்ந்த எலக்ட்ரீஷியனின் பரிந்துரை. சுருள் வயரின் உண்மையான மேன்மை அதன் ஆயுளில் இருக்கிறது: வெப்பத்திலும் மிகு மின்னோட்டத்திலும் கரி இழை மெல்ல எரிந்து தடை ஏறி, இறுதியில் உள்ளேயே அறுந்துவிடுகிறது.

வயரின் தடிமனைப் பற்றியும் ஒரு மயக்கம் நிலவுகிறது. 7, 8, 8.5, 10 மி.மீ. என்று விற்கப்படும் அளவுகள் உறையின் வெளிவிட்டத்தையே குறிக்கின்றன. உள்ளிருக்கும் கடத்தியைக் குறிப்பதில்லை. தடித்த உறை மின்கசிவைத் தாங்கும் என்பது சரியே ஆனாலும், அதை எதனால் செய்திருக்கிறார்கள் என்பதே முதலில் பார்க்கவேண்டியது. சிலிக்கோன் உறை 200 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தைத் தாங்கும். ஆனால் எளிதில் கிழியும் தன்மையுள்ளதால் நல்ல வயரில் உறையின் அடுக்குகளுக்கிடையே கண்ணாடி இழைப் பின்னல் இருக்கும். வெட்டிய முனையை நகத்தால் நெருடி அந்தப் பின்னலைப் பார்த்த பிறகே மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வயரை ஏற்பதைக் காணலாம். போலி உதிரிபாகங்கள் மலிந்த சந்தையில், உறையின் மேல் அச்சிட்டிருப்பதைவிட அந்த நகத்துக்கு மதிப்பு அதிகம்.

கைத்திறனின் உச்சம் வயரின் முனையை முடிப்பதில் தெரிகிறது. சுருளிலிருந்து வேண்டிய நீளத்தை வெட்டியபின், உள் இழையில் கீறல் விழாமல் ஏறக்குறைய ஒரு விரற்கடை நீளத்துக்கு உறையை மட்டும் பிளேடால் வட்டமாக அறுத்து உருவவேண்டும். கை சற்று அழுந்தினாலும் சுருள் வயரின் முடி போன்ற கம்பி அறுந்துவிடும், அறுந்தது வெளியே தெரியவும் தெரியாது. ரப்பர் பூட் எனப்படும் முனையுறையை முன்னதாகவே வயரில் ஏற்றிவிட்டு, வெளிவந்த இழையை உறையின் மேல் மடித்துப் படியவைத்து, அதன்மேல் உலோக முனையை வைத்துக் கிரிம்ப் கருவியால் அமுக்குகிறார்கள். சாதாரணக் குறடால் அமுக்கினால் முனை உறையைக் கடித்துத் துளைத்துவிடும் என்பதால், முனையின் இரு செவிகளும் உள்நோக்கிச் சுருண்டு பிடிக்கும்படி தாடை அமைந்த கருவியே தேவை. உதவியாளராகச் சேரும் பையன்களுக்கு வெட்டும் வேலை விரைவில் கிடைத்துவிடுகிறது. கிரிம்ப் கருவி கைக்கு வருவதற்கு நெடுநாள் ஆகிறது. முடித்த வயரை மல்ட்டிமீட்டரில் கோத்து, அதை வளைத்தும் முறுக்கியும் பார்க்கும்போது எண் அசையாமல் நின்றால்தான் வேலை தேறியது.

அடுத்தது வயர்களை எஞ்சினின் மேல் நடத்திச் செல்லும் வழி. இதில் பல திருத்தப்பட்ட கார்கள் கெடுகின்றன. காட்சிக்காக எல்லா வயர்களையும் ஒரே கற்றையாகக் கட்டிவிடுவதே காரணம். ஸென் எஞ்சினின் பொறி வரிசை 1, 3, 4, 2. மூன்றாம் சிலிண்டரில் பொறி பாயும் கணத்தில், அடுத்த முறைக்குரிய நான்காம் சிலிண்டர் எரிகலவையை உள்வாங்கி அமுக்கத்தைத் தொடங்கும் நிலையில் இருக்கிறது. அங்கே அழுத்தம் குறைவு என்பதால் மிகச் சிறிய மின்னழுத்தமே பொறியை உண்டாக்கப் போதும். மூன்றாம், நான்காம் வயர்கள் நெடுந்தூரம் ஒட்டி இணையாகச் சென்றால், ஒன்றின் மின்துடிப்பு மற்றதில் தூண்டப்பட்டு, மேலேறி வரும் பிஸ்டனை எதிர்த்துக் கலவை முன்கூட்டியே வெடிக்கக்கூடும். இரண்டாம், முதலாம் வயர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. இரண்டும் மூன்றும் அடுத்தடுத்துச் சென்றாலோ, ஒன்றில் பொறி பாயும்போது மற்றது புகையை வெளியேற்றி முடித்திருப்பதால், கேடு பெரிதில்லை. ஆகவே இடைத்தடுப்பான் போட்டு வயர்களைப் பிரித்து நிறுத்தும் எலக்ட்ரீஷியன் எந்த இரண்டை விலக்கவேண்டும் என்பதைப் பொறி வரிசையிலிருந்தே படிக்கிறார். வளைத்துச் செய்த எக்ஸாஸ்ட் குழாய்கள் பிளக்குகளுக்கு நெருங்கி வரும் இடங்களில் பூட்டின்மேல் கண்ணாடி இழை உறையை மாட்டுவதும் இந்த வேலையின் பகுதியே.

கசிவைக் காண்பதற்குப் பட்டறைகள் கையாளும் முறை எளியது. விளக்கை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, வயர்களின் மேல் தண்ணீரை மெல்லிய தூவலாகத் தெளிக்கிறார்கள்; உறை பழுதான இடத்தில் நீலப்பொறி உலோகத்துக்குத் தாவும். தாவாமல் வயரைச் சுற்றி மங்கிய நீலப் படலம் மட்டும் தெரிந்தால், உயர் மின்னழுத்தம் சுற்றியுள்ள காற்றை மின்மயமாக்குகிறது என்று பொருள். அதில் உண்டாகும் ஓசோன் வாயு உறையை நாளடைவில் அரித்துவிடும் என்பதால் அதையும் மாற்றச் சொல்கிறார்கள். சேறும் நீரும் தெறிக்கும் ராலிக்குச் செல்லும் ஜிப்ஸிகளில் பூட்டின் உட்புறம் சிலிக்கோன் கிரீஸ் தடவப்படுகிறது. ஈரமும் தூசியும் உள்ளே புகுந்து பிளக்கின் பீங்கான்மேல் மின்சாரம் வழிந்தோடாமல் அது தடுப்பதோடு, சூட்டில் ரப்பர் பீங்கானோடு ஒட்டிக்கொள்வதையும் தவிர்க்கிறது. பூட்டைக் கழற்றும்போது முதலில் திருகிப் பிறகு இழுக்கவேண்டும் என்பதும், வயரைப் பிடித்து ஒருபோதும் இழுக்கக்கூடாது என்பதும் வந்து சேரும் ஒவ்வொரு பையனுக்கும் முதலில் சொல்லப்படும் பாடங்கள்.

தடத்துக்குச் செல்லும் கருவிப்பெட்டியில் முழுத் தொகுதி ஒன்றை வைத்துக்கொள்ளும் அணிகள் உண்டு. வசதி குறைந்த அணிகள் காயில் வயர் ஒன்றையும் பிளக் வயர்களில் மிக நீளமானது ஒன்றையும் மட்டும் கொண்டு செல்கின்றன, ஏனெனில் நீளமான வயர் எந்தச் சிலிண்டருக்கும் எட்டும். அந்த வயரும் மற்றவற்றைப் போலவே மீட்டரில் அளந்து, முனையில் நீளத்தையும் தடையையும் எழுதிய ஒட்டுத்தாளோடுதான் பெட்டிக்குள் போகிறது.